சிவப்பு நூல் கட்டிய பேணி

போன மாதம் எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். மாலை, பொன்னாடை, ஒரு சுவர் மணிக்கூடு, எல்லாம் முறைப்படி நடந்தது. ஓய்வு பெற்று வீட்டில் குந்தப் போகிறவளுக்கு எதற்கு மணிக்கூடு என்று யாரும் யோசிக்கவில்லை. பேச எழும்பியவர்கள் எல்லோரும் ஒரே விசயத்தைத்தான் சொன்னார்கள். "எங்கட ரீச்சர்தான் இந்தப் பக்கத்திலேயே முதன்முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கப், தனித் துவாய் எண்டு கொண்டுவந்தவா." கைதட்டினார்கள். நான் குனிந்துகொண்டு இருந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அந்தப் பேச்சுக்குக் காரணம் புதிதாக வந்த ஒரு கைநூல். முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு வருகிற சின்னச் சின்ன வருத்தங்களை எப்படிச் சமாளிப்பது என்று படம் போட்டு எழுதியிருக்கிறார்கள். அதில் உதட்டோரத்தில் வருகிற கொப்புளத்துக்கு ஒரு பக்கம். என்னோடு நாலு வருடம் வேலை செய்த துஷ்யந்தி அந்தப் பக்கத்தை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். "ரீச்சர், இதிலை போட்டிருக்கிறது எல்லாம் நீங்கள் அப்பவே செய்திட்டியள். எப்பிடி இந்த யோசனை வந்ததெண்டு எழுதித் தாங்கோவன், முன்பள்ளி மலரிலை போடுவம்."

யோசனை வந்ததாம்! எனக்கு ஒரு யோசனையும் வரவில்லை, பிள்ளை. என்ன வந்தது என்பதை எழுதுகிறேன். மலரில் போடுவதா அடுப்பில் போடுவதா என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆறு மாதம் களிமண் உருட்டினோம், கடதாசி வெட்டினோம், பாட்டுப் பாடி ஆடினோம். உருப்படியாகப் படித்தது ஒருவரிடம்தான். எங்கள் பகுதி முன்பள்ளிகளுக்குப் பொறுப்பாக இருந்த மங்கையற்கரசி ரீச்சர். எல்லோருக்கும் அவா பெரிய ரீச்சர். மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட சேலை, குரல் ஒருநாளும் உயராது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்குவா. வந்ததும் பிள்ளைகளைப் பார்க்கமாட்டா, எங்களையும் பார்க்கமாட்டா. நேரே குசினிக்குப் போய்க் கழுவி அடுக்கிய ரம்ளர்களில் ஒன்றை எடுத்து மணந்து பார்ப்பா. "கண் ஏமாத்தும், மூக்கு ஏமாத்தாது" என்பா. பிறகு கைப்பையிலிருந்து வெள்ளை லேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்துவிட்டு, பதிவுப் புத்தகத்தைக் கேட்பா.

காலைப் பரிசோதனையை அவா எனக்குப் பழக்கிய விதம் இன்றைக்கும் கையில் இருக்கிறது. கேற் வாசலில் குட்டை ஸ்ரூல் போட்டு இருக்கவேண்டும். நின்றுகொண்டு குனிந்து பார்க்கக் கூடாது, பிள்ளையின் முகமும் ரீச்சரின் முகமும் ஒரே உயரத்தில் இருக்கவேண்டும். முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை, நகம், காதுக்குப் பின்னால், தலை. கடைசியாக வாய். நாடியை விரல் நுனியால் தொடக் கூடாது, மடக்கிய விரலின் முதுகால் மெல்ல நிமிர்த்தி "ஆ" சொல்லச் சொல்லவேண்டும். ஏதாவது புண் இருந்தால் அந்த இடத்தில் நாங்கள் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. முகம் சுழிக்கவே கூடாது. "பூவுக்குத் தண்ணி விடுவம் வாங்கோ" என்று ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டுபோய்ப் பார்க்கவேண்டும். இருபத்தொன்பது வருடம் அப்படியே செய்தேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் கெப்பரும் இருந்தது, ஒளிப்பானேன்.

இனி எங்கள் இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஸ்கந்தபுரத்துக்குக் கொஞ்சம் அங்கால் எங்கள் ஊர். என் பேரப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணி கிடைத்து வந்தவர்கள் நாங்கள். வாய்க்காலுக்கு அங்கால் குடியிருப்பில் இருப்பவர்கள் மலைநாட்டிலிருந்து கலவரங்களுக்குத் தப்பி வந்தவர்கள். வயல் எங்களுடையது, நாற்று நட்டதும் களை பிடுங்கியதும் அவர்கள். கடைசிச் சண்டையில் எல்லோரும் ஒன்றாக ஓடினோம். முகாமில் ஒரே வரிசையில் நின்றோம், ஒரே வாளியில் தண்ணீர் மொண்டு குடித்தோம். திரும்பி வந்ததும் அவரவர் வாய்க்காலுக்கு அங்கால், இங்கால் என்று ஆகிவிட்டோம். யாரும் சொல்லி ஆகவில்லை, தண்ணீர் தன்பாட்டில் பள்ளத்துக்குப் போகிறமாதிரித்தான் நடந்தது.

முன்பள்ளியைத் திரும்பத் திறக்கும்போது வளவு முழுக்கப் பற்றை. வாய்க்காலுக்கு அங்காலிருந்து ஆறு பெண்கள் வந்து வெட்டித் துப்புரவாக்கித் தந்தார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க நான் எங்கள் வீட்டிலிருந்து எனாமல் பேணிகள் கொண்டுவந்தேன். வெள்ளை நிறம், நீல விளிம்பு. இடம்பெயர முன் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டுப் போன சாமான்களோடு அவையும் கிடைத்திருந்தன. என் அம்மாவின் காலத்தில் அவை வெளித் தாழ்வாரத்துக் கூரைச் சலாகையில் செருகியிருக்கும். வயல் வேலைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் அதில் தேத்தண்ணி. வீட்டுக்காரர் ஒருநாளும் அதில் குடித்ததில்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை.

வேலை முடிந்த பிறகு ஒரு பேணி மட்டும் முன்பள்ளியிலேயே கிடந்தது. பூக்கன்றுக்குத் தண்ணீர் விட வைத்துக்கொண்டேன்.

பற்றை வெட்ட வந்த ஆறு பேரில் ஒருத்தி புஷ்பராணி. புருசன் சண்டையில் போய்விட்டார். கைக்குழந்தையாக இருந்த மகளை வேப்பமரத்தில் ஏணை கட்டிப் போட்டுவிட்டுத்தான் கத்தி பிடித்தாள். அந்த மகள்தான் நிரோஜா. நாலு வயதில் என்னிடம் வந்து சேர்ந்தாள். வாய் என்றால் வாய், அப்படியொரு வாய்! "டீச்சர், எங்க வீட்டுக் கோழி நேத்து ரெண்டு முட்ட போட்டிச்சு, ஒண்ண கீரி தின்னுடுச்சு, இன்னொண்ண நா தின்னுட்டேன்" என்று கேற்றிலேயே தொடங்கிவிடுவாள். பரிசோதனையில் வாயைத் திறக்கச் சொல்லவே தேவையில்லை.

பத்து மணிக்கு இலைக்கஞ்சி கொடுப்போம். இருபத்தாறு பிள்ளைகள், இருபத்தாறு சில்வர் ரம்ளர். எது யாருடையது என்று இல்லை. ரம்ளர் பங்கிடுகிற வேலை நிரோஜாவுக்கு. அது அவளாகப் பிடித்துக்கொண்ட உத்தியோகம். தட்டத்தில் அடுக்கித் தூக்கிக்கொண்டு, "இந்தா, இந்தா, இந்தா" என்று ஒவ்வொருவர் கையிலும் வைப்பாள். கடைசி ரம்ளர் தனக்கு. குடித்து முடித்ததும் அதைத் தலையில் தொப்பிபோலக் கவிழ்த்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். நான் சிரிக்கும்வரை எடுக்கமாட்டாள்.

குடித்த ரம்ளர்களை நாங்கள் கழுவிய சீரை இப்போது நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது. ஒரு பேசினில் சவர்க்காரத் தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர். இருபத்தாறும் அதற்குள்தான். வாய் துடைக்க ஆணியில் ஒரே ஒரு துவாய். பெரிய ரீச்சர் மணந்து பார்த்தா, சவர்க்கார வாசம் வந்தது, சரி என்றா. எங்கள் சுத்தம் அவ்வளவுதான்.

சந்திக் கடைக்காரரின் மகன் ஆதவனுக்குத்தான் முதலில் வந்தது. கீழ் உதட்டோரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம், கொத்தாக. "காய்ச்சல் கொப்புளம், தன்பாட்டிலை காயும், தேன் பூசி விடுங்கோ" என்று தாயிடம் சொன்னேன். எனக்கும் காய்ச்சல் வந்தால் அதே இடத்தில் போடும், சின்ன வயதிலிருந்தே. அதனால் நான் அதை ஒரு வருத்தமாகவே எடுக்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க ஆதவன் எல்லோரோடும் சேர்ந்து அதே ரம்ளர்களில் குடித்தான். கடையிலிருந்து ரொபி இனிப்புக் கொண்டுவந்து நிரோஜாவுக்குக் காக்காய்க்கடி கடித்துக் கொடுத்தான். சட்டை நுனியில் பொதிந்து கடித்தால் எச்சில் படாது என்பது பிள்ளைகளின் சட்டம். நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்தவள்.

கொஞ்ச நாளில் நிரோஜாவுக்கு வந்தது.

வைகாசி மாதம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நெருங்குகிற காலம். அந்த வெக்கையில் யாருக்கு எங்கே ஒரு கொப்புளம் போட்டாலும் எங்கள் சனத்துக்கு முதலில் வருகிற பயம் அம்மாள்தான். அம்மை என்று நோயின் பெயரைக்கூடச் சொல்லமாட்டார்கள், "அம்மாள் வந்திருக்கிறா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஆதவனின் அம்மா காலையிலேயே கேற்றில் வந்து நின்றாள். பின்னால் வேறு நாலைந்து தாய்மார்.

"என்ன ரீச்சர், அம்மாள் போட்ட பிள்ளையை உள்ளுக்கை வைச்சிருக்கிறியள்? வேப்பிலையோட வீட்டிலை கிடக்கவேண்டிய பிள்ளையெல்லே?"

"அம்மாள் எண்டால் உடம்பெல்லாம் போடும். இது உதட்டிலை மட்டும்தானே. உங்கட மகனுக்கும் இதுதானே வந்தது?"

"அது வேற. அது சூட்டுக்கு வந்தது."

"அப்ப இது மட்டும் குளிருக்கு வந்ததோ? விசர்க்கதை கதையாதேங்கோ!"

என் வாய்க்கு அன்றைக்கு நல்ல வேகம். ஆனாலும் மனதுக்குள் ஒரு பயம் தட்டத்தான் செய்தது. புஷ்பராணி களை பிடுங்கிக்கொண்டிருந்த வயலுக்குப் போய் வரம்பில் நின்று விசயத்தைச் சொன்னேன். சேற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தாள். "கூட்டிக்கிட்டுப் போங்க டீச்சர். நீங்க பாத்தா நா பாத்த மாதிரிதான்." அவ்வளவுதான் சொன்னாள், திரும்பவும் குனிந்துகொண்டாள்.

பிள்ளையை பஸ்ஸில் ஏற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் பிள்ளை, நிதானமாகப் பார்த்தாள்.

"இது அம்மாள் இல்லை ரீச்சர். ஒரு வைரஸ். கனபேரின்ரை உடம்பிலை இருக்கு. காய்ச்சல் வந்தால், வெயில் பட்டால் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். வீட்டிலை மறிக்கத் தேவையில்லை. வாயாலை வீணீர் வடிஞ்சால் மட்டும் ரெண்டு மூண்டு நாள் நிப்பாட்டுங்கோ."

"அப்ப தொத்தாதோ?"

"தொத்தும். கப், கரண்டி, துவாய் ஒண்டையும் மாறிப் பாவிக்க விடாதேங்கோ. கொப்புளத்தைத் தொட்ட கையாலை கண்ணைத் தேய்க்க விடாதேங்கோ, கையை அடிக்கடி கழுவப் பண்ணுங்கோ. அது காயுமட்டும் கைக்குழந்தையளைக் கொஞ்ச விடக்கூடாது. உங்களுக்கு இது வாறதில்லையோ?"

"காய்ச்சல் வந்தால் வரும்."

"அப்ப உங்களிட்டையும் இருக்கு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நிரோஜாவும் என்னத்துக்கென்று தெரியாமல் சிரித்தாள், கொப்புளம் இழுத்து வலிக்க "ஆ" என்று வாயைப் பொத்தினாள்.

அடுத்த நாள் காலை வெள்ளன முன்பள்ளிக்குப் போனேன். டொக்டர் சொன்னதை அச்சொட்டாகச் செய்யவேண்டும் என்று எனக்கு ஒரே வேகம். தனிக் கப் வேண்டும். சில்வர் ரம்ளரில் ஒன்றை ஒதுக்கினால் மற்றதுகளோடு கலந்துவிடும், எல்லாம் ஒரே மாதிரி. சுற்றிப் பார்த்தேன். பூக்கன்றடியில் அந்த எனாமல் பேணி கிடந்தது. எடுத்துச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துக் கொதிதண்ணீர் ஊற்றினேன். பளிச்சென்று வந்தது. பிடியில் சிவப்புக் கம்பளி நூல் கட்டினேன். உள்ளே வைத்தால் பிள்ளைகள் எடுத்துவிடும் என்று வெளித் தாழ்வாரத்துச் சலாகையில் ஓர் ஆணி அடித்து அதில் தொங்கவிட்டேன். என் கை அந்தப் பேணியை எடுத்தது, என் கை அந்தச் சலாகையைத் தேடிப் போனது. ஒரு நிமிசம்கூட நின்று யோசிக்கவில்லை.

"இது எனக்கு மட்டுமா டீச்சர்?" என்று நிரோஜா கேட்டாள்.

"ஓம், உங்களுக்கு மட்டும்."

பிள்ளைக்குச் சந்தோசம்! சிவப்பு நூலைத் தடவித் தடவிப் பார்த்தாள். பரிசு என்று நினைத்துவிட்டாள். ரம்ளர் பங்கிடுகிற வேலையை அவளிடமிருந்து எடுத்து ஆதவனிடம் கொடுத்தேன். அதற்குத்தான் முகம் கொஞ்சம் வாடினது. "புண் மாறினதும் திரும்பத் தாறன்" என்றேன்.

மூன்றாம் நாள் பெரிய ரீச்சர் வந்தா. பேணியை ஆணியிலிருந்து எடுத்து மணந்தா. நான் விளக்கம் சொன்னேன். "ம்ம்" என்றுவிட்டுப் பதிவுப் புத்தகத்தில் எழுதினா: தொற்றுத் தடுப்பு ஒழுங்கு நன்று. வாழ்நாளில் அந்தப் புத்தகத்தில் 'நன்று' வாங்கியவர்கள் இந்தப் பக்கத்தில் இரண்டு மூன்று பேர்தான். நான் அன்றைக்கு நிலத்தில் நிற்கவில்லை.

ஒரு கிழமையில் புண் காய்ந்து பொருக்கும் விழுந்துவிட்டது. பேணியை நான் எடுக்கவில்லை. திரும்பவும் வரும் என்றாவே டொக்டர், கிடக்கட்டும் என்று விட்டேன். இது என் பக்கத்து நியாயம். இன்னொன்றும் இருந்தது. பேணி தொங்குகிறவரைக்கும் ஆதவனின் அம்மா வாய் திறக்கவில்லை, மற்றத் தாய்மாரும் நிம்மதியாக இருந்தார்கள். அந்த நிம்மதி எனக்கும் வசதியாக இருந்தது.

பிள்ளைகள் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தார்கள். ஓடிவந்து சிவப்பு நூல் பேணிக்குக் கீழே நின்றால் அவன் அவுட். நான் ஒருநாள் சத்தம் போட்டு நிற்பாட்டினேன். அடுத்த நாளும் விளையாடினார்கள். நிரோஜா கோழிக் கதை சொல்வதைக் குறைத்துக்கொண்டாள். குடித்த பேணியைத் தலையில் கவிழ்ப்பதும் நின்றுவிட்டது. அதை நான் கண்டேன். பிள்ளை வளருகிறாள் என்று நினைத்தேன். எவ்வளவு கெட்டித்தனமான ரீச்சர் பாருங்கள்.

பொங்கல் முடிந்த கிழமை புஷ்பராணி வந்தாள். மகளுக்கு வந்தது அம்மாள் இல்லை என்றாலும் வற்றாப்பளைக்கு நேர்ந்திருக்கிறாள், போய்ப் பொங்கிவிட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பிரசாதம் கொண்டுவந்திருந்தாள். பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிப்போகிற நேரம், மற்றத் தாய்மாரும் வளவில் நின்றார்கள். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு பிடி வைத்தாள். வெயிலில் நடந்து வந்த களைப்பு.

"கொஞ்சம் தண்ணி குடுங்க டீச்சர்" என்றாள்.

நான் எழும்ப முன் நிரோஜா ஓடினாள். கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, ஆணியிலிருந்து பேணியை எடுத்து, பானையில் மொண்டு, சிந்தச் சிந்தக் கொண்டுவந்தாள். "அம்மா, இது ஏங் கப்பு! எனக்கு மட்டும்!"

புஷ்பராணி வாங்கினாள். வாயருகே கொண்டுபோனவள் நின்றாள். பேணியைத் திருப்பிப் பார்த்தாள். நீல விளிம்பில் எனாமல் தெறித்த ஓர் இடம் இருக்கும், அதைப் பெருவிரலால் தடவினாள்.

"டீச்சர், இது நாங்க காடு வெட்டுனப்ப டீ குடுத்த பேணிதானுங்களே?"

"ஓம். டொக்டர் சொன்னவ, புண் இருக்கிறபடியால் தனிக் கப்பிலை..."

"இந்தப் பேணியத்தான் எடுக்கச் சொன்னாங்களா?"

நான் பிடியில் கட்டிய சிவப்பு நூலைப் பார்த்தேன்.

"வெளியில தொங்கவிடச் சொன்னாங்களா?"

"மற்றப் பிள்ளையள் எடுத்துப்போடும் எண்டுதான்..."

"ஆதவனுக்கும் வந்திச்சே. நா பாத்தேன். அப்ப இது எங்க தொங்குச்சு?"

"அப்ப எனக்குத் தெரியாது, புஷ்பராணி. சத்தியமாத் தெரியாது."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டுச் சமாளித்திருப்பேன். "சரிங்க. தெரியாம நடந்திருச்சு. இப்பத் தெரியும்ல? இனி அந்தப் புள்ளைக்கி வந்தா இதே பேணியிலதான் குடுப்பேன்னு சொல்லுங்க. சொல்லுங்க டீச்சர், நா எம் புள்ளைய விட்டுட்டு இப்பவே போயிர்றேன்."

ஆதவனின் அம்மா என் பக்கத்தில்தான் நின்றாள். எல்லாத் தாய்மாரும் என்னையே பார்த்தார்கள். ஒரு 'ஓம்' சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? என் நாக்கு எழும்பவில்லை. கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு என்றால் நான் சந்திக்குப் போய்ப் புதுக் கப் வாங்கியிருப்பேன். அது எனக்குத் தெரியும். அவளுக்கும் அது தெரியும் என்பது அவளுடைய கண்ணில் தெரிந்தது.

புஷ்பராணி தண்ணீரைப் பூக்கன்றடியில் ஊற்றினாள். பேணியை எடுத்துப்போய் அதே ஆணியில் பதனமாகக் கொழுவினாள். பிள்ளையின் கையைப் பிடித்தாள். "ஏங் கப்பு, ஏங் கப்பு" என்று நிரோஜா அழுதுகொண்டே போனாள். வாய்க்கால் பாலம்வரை அந்தச் சத்தம் கேட்டது.

பெரிய ரீச்சரிடம் சொன்னேன். லேஞ்சியால் மூக்கைத் துடைத்துவிட்டு, "அதுகள் உப்பிடித்தான். ரோசம் கூட. நீங்கள் சரியாத்தான் செய்தனீங்கள், யோசியாதேங்கோ" என்றா. முகம் சுழிக்கக் கூடாது என்று எனக்குப் பழக்கியவா சொன்ன சொல் அது. நான் "ம்" என்றேன். அந்த 'ம்' மட்டும் உடனே வாயில் வந்தது.

மூன்று தரம் வாய்க்காலுக்கு அங்கால் போனேன். முதல்தரம் பூப்போட்ட புதுக் கப்போடு. "எம் புள்ளைக்கிக் கப்பு இருக்கு டீச்சர்" என்றாள் புஷ்பராணி, படலையைத் திறக்காமல். இரண்டாம் தரம் வயல் வரம்பில் நின்று கூப்பிட்டேன், நிமிரவில்லை. நிரோஜா வரம்பில் ஒரு சாக்கில் தனியே இருந்து புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். மூன்றாம் தரம், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று வாய்விட்டுச் சொன்னேன். "மன்னிக்க என்னா இருக்கு. உங்க வழக்கம் உங்களுக்கு" என்றாள். அதற்குப் பிறகு போக எனக்குக் கால் எழும்பவில்லை. அந்தப் பிள்ளை திரும்ப முன்பள்ளி வாசல் மிதிக்காமலே முதலாம் வகுப்புக்குப் போனாள். எழுத்துக்குத் தடுமாறுகிறாள், வகுப்பில் வாயே திறக்கிறாள் இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். வாயே திறக்கிறாள் இல்லையாம். நிரோஜா!

அடுத்த தவணைதான் எல்லாப் பிள்ளைகளுக்கும் தனிக் கப், தனித் துவாய், பெயர் எழுதி உள்சுவரில் ஒரே உயரத்தில் ஆணி. எனக்கும் ஓர் ஆணி. அந்த வைரஸ் யாரிடம் இருக்கிறது என்று முகத்தில் எழுதியிருப்பதில்லை, என்னிடமே இருந்தது. எல்லோருக்கும் தனி என்று முதல் நாளே செய்திருந்தால் அது சுகாதாரம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பிள்ளை செலவானது. நீங்கள் கைதட்டினது அதற்குத்தான்.

துஷ்யந்தி கேட்டபடியால், எழுத முன் ஒருமுறை அவர்களைப் பார்த்துவிடவேண்டும் என்று போன கிழமை பாலத்தைத் தாண்டினேன். புஷ்பராணிக்குத் தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டு ஒரு கணம் நின்றாள், பிறகு "வாங்க டீச்சர், உக்காருங்க" என்று கதிரையைத் துடைத்துப் போட்டாள். கண்ணாடிக் கிளாஸில், கீழே தட்டு வைத்து, தேத்தண்ணி தந்தாள். அப்படியொரு மரியாதைக்கு நான் என்ன செய்தேன்? தானும் ஒரு கிளாஸ் எடுத்துக்கொண்டு எதிரில் இருந்தாள்.

உள்ளிருந்து நிரோஜா வந்தாள். என் தோளுக்கு மேல் வளர்ந்திருக்கிறாள். உதட்டோரத்தில் காய்ந்துகொண்டிருக்கிற ஒரு கொப்புளம். என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். வெளியே போனாள், தாழ்வாரத்துச் சலாகையில் கொழுவியிருந்த ஒரு பிளாஸ்டிக் கப்பை எடுத்தாள். பிடியில் சிவப்பு நூல். தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டுபோய் தூரத்துப் படியில் இருந்து குடித்தாள்.

"எவ்வளவோ சொல்லிட்டேன் டீச்சர்" என்றாள் புஷ்பராணி மெதுவாக. "கேக்க மாட்டேங்கிறா. அன்னையிலருந்து அப்படித்தான். புண்ணு இருந்தாலும் இல்லாட்டியும் வேற கப்புல வாய் வைக்க மாட்டா. ஸ்கூல்லயும் அப்படித்தானாம்."

எழும்பிப் படியடிக்குப் போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். முகமும் முகமும் ஒரே உயரம். அவள் கொஞ்சம் தள்ளி இருந்தாள். "கிட்ட வராதீங்க டீச்சர், தொத்திரும்."

"எனக்கும் இதுதான் பிள்ளை. சின்ன வயசிலை இருந்து எனக்கும் போடும். நீங்கள் என்னட்டைப் படிக்கேக்குள்ளையும் எனக்கு இருந்தது. இதிலை ஒதுங்கி இருக்க ஒண்டுமில்லை."

கப்பை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்த முகத்தில் பழைய நிரோஜாவின் துருதுருப்பு ஒரு கணம் வந்தது.

"அப்ப உங்க கப்ப எங்க டீச்சர் தொங்கவிட்டிருந்தாங்க?"

குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.